பைகளுக்குக் காவல் இருந்த பிள்ளை

(பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த நூலகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல் குறைபாடுள்ள பிள்ளையை உடன் படிப்பவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பலருக்குக் கேலியும் பட்டப்பெயரும்தான் நினைவுக்கு வந்திருக்கும். அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேலி காதில் விழும். விழுந்தால் யாராவது ஒரு டீச்சர் தட்டிக் கேட்பார். காதில் விழாமலும் ஒதுக்கல் நடக்கிறது. அதை நாம் பாசம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பிள்ளைகள் எங்கே தொடங்குகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். ஒன்றாம் வகுப்பில், காலில் கேலிப்பர் போட்ட ஒரு பெண் குழந்தை வந்து உட்காருகிறது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, குறுக்கே தோல் வார், முழங்காலில் ஒரு பூட்டு. உட்காரும்போது அந்தப் பூட்டை மேலே தூக்கினால் டக்கென்று கால் மடங்கும். எழுந்து நின்றால் பூட்டு தானாக விழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான பொருள் அந்த வகுப்பறையில் வேறு ஏது? சுற்றி வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "இது என்னது? வலிக்குமா? ராத்திரி கழட்டிருவியா? நான் ஒரு தடவ தூக்கிப் பாக்கட்டுமா?"

இதில் கேலி எங்கே இருக்கிறது? ஒரு துளி கூடக் கிடையாது. அப்போது பெரியவர் ஒருவர் உள்ளே வருகிறார். "உஷ்! அப்படியெல்லாம் கேக்கக் கூடாது. பாவம்." அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் நாற்பது பிள்ளைகளும் ஒரு பாடம் படித்துவிட்டார்கள். இதைப் பற்றிப் பேசக் கூடாது, இவள் நம்மைப்போல் இல்லை, இவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கேலிப்பர் போட்ட பிள்ளையும் அதே பாடத்தைத்தான் படிக்கிறது, இன்னும் ஆழமாக.

கேட்க விடுங்கள். பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு விருப்பமா என்று முன்னாலேயே அதனிடமும் அம்மாவிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்றால், "சொல்ல மாட்டேன் போ" என்று சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. பெரும்பாலும் சொல்வார்கள். பத்து நிமிஷத்தில் அந்தப் பேச்சு தீர்ந்துபோகும், அடுத்த பீரியடில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.

இதற்கிடையில் ஒன்று. இன்றைக்கும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து "போலியோவா?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்காளத்தில் ஒரு பெண் குழந்தை, 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கொடுத்தது. இப்போது நம் வகுப்புகளில் இருப்பது பெருமூளை வாதம் உள்ள பிள்ளை, தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளை, முதுகுத்தண்டில் பிறவிக் குறை உள்ள பிள்ளை, விபத்தில் கால் இழந்த பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. பெரியவர்களே ஒரு தலைமுறை பின்தங்கி நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பின்தங்கி நிற்பது என்றதும் 2024-இல் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. சென்னையில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளிக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்கென்று ஒரு பேச்சாளரை அழைத்து வந்தார்கள். உடல் குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்கிற பொருளில் மாணவிகள் முன்னால் அவர் பேசினார். அங்கே இருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் இதை எப்படிப் பேசலாம் என்று கேட்டார். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் கைதானார், பெரிய விவாதம் ஆயிற்று. நல்லது. ஆனால் அந்தக் கருத்து அன்றைக்குத்தான் பிறந்ததா? தெருமுனையில், கோயில் வாசலில், சொந்தக்காரர் கல்யாணத்தில், "எந்த ஜென்மத்துல யாரு செஞ்ச பாவமோ" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வது நம் வழக்கம். மேடையில் சொன்னவரைப் பிடித்தோம். வீட்டில் சொல்பவருக்கு மோர் கொடுத்து உபசரிக்கிறோம்.

பட்டப்பெயருக்கு வருவோம். நொண்டி, கூனன், சூம்பிக்கை, இன்னும் எத்தனையோ. இவற்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விசாரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பெரியவர் வாயிலிருந்து வந்தவை. வகுப்பில் இரண்டு செந்தில் இருந்தால், "எந்த செந்தில், அந்தக் கால் ஊனமான செந்திலா?" என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் கேட்கும். நோட்டுக் கட்டு எடுக்க வந்த மாணவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு போவான். இனிஷியல் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

மிச்சத்தை சினிமா பார்த்துக்கொள்கிறது. விந்தி நடப்பதையும் திக்கிப் பேசுவதையும் காமெடி டிராக் ஆக்கி எத்தனை பத்தாண்டு சிரித்திருக்கிறோம்! 2024 ஜூலையில், ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி வழிகாட்டுதல் கொடுத்தது. குறைபாட்டை நமக்குப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. வகுப்பறைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். தன் சக்கர நாற்காலியை வைத்துத் தானே ஜோக் அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போது வகுப்போடு சேர்ந்து நாமும் சிரிக்கலாம், தப்பில்லை. அதே ஜோக்கை அடுத்தவன் அவனைப் போலவே விந்தி நடந்து காட்டி அடிக்கும்போது வேறாகிவிடுகிறது.

பொது இடத்தில் வேண்டுமென்றே ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. பன்னிரண்டு வயதுப் பையனிடம் இதைச் சொல்லி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆசிரியர் அறையில் ஒட்டி வைக்கலாம்.

இனி பாசம்.

விளையாட்டு பீரியட் மணி அடித்தவுடன் ஒரு வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளும் காலணியை உதறிவிட்டு ஓடியிருப்பார்கள். ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பான். "டேய், பையெல்லாம் பாத்துக்கடா" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வாட்ச், காசு, யாரோ அக்காவின் கொலுசு எல்லாம் அவன் பெஞ்சில் இருக்கும். நம்பிக்கையானவன் என்று ஆசிரியர்கள் அவனைப் புகழ்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பீரியட் பைகளுக்குக் காவல் இருந்துவிட்டு, உடற்கல்வியில் மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கொஞ்சம் முன்னேறிய பள்ளி என்றால் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு ஸ்கோர் எழுதச் சொல்வார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வெயிலில் கஷ்டப்பட வேண்டாம், விழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது, அவ்வளவுதான். ஆனால் நட்பு எங்கே உண்டாகிறது? கணக்கு பீரியடிலா? அவுட்டா இல்லையா என்று சண்டை போடும் இடத்தில்தான் உண்டாகிறது. அந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளையை வாரம் தவறாமல் எடுத்துவிட்டு, "யாரும் இவனோட சேர மாட்டேங்கறாங்க சார்" என்று என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வது?

அதே 2016 சட்டத்தின் 16-ஆவது பிரிவைப் பலர் சேர்க்கைக்கான பிரிவு என்று மட்டும் நினைக்கிறார்கள். பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாக்கியத்திலேயே, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. உட்கார்த்தி வைப்பது சட்டப்படியும் தவறு.

எப்படி விளையாட வைப்பது என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். உட்கார்ந்து ஆடும் வாலிபால் என்று ஒன்று இருக்கிறது. 1980 முதல் பாராலிம்பிக்கில் ஆடுகிறார்கள். களம் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை அடிக்கும்போது உடம்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. நம் பள்ளியில் வலை வேண்டாம், இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கயிறு போதும். வகுப்பு மொத்தத்தையும் தரையில் உட்கார வையுங்கள். அப்புறம் வேடிக்கையைப் பாருங்கள். ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வருபவன் பந்து எங்கே விழுந்தாலும் எழுந்து நிற்கப் பார்ப்பான், ஃபவுல். ஊன்றுகோலில் பல வருஷம் நடந்து தோளும் கையும் இறுகிப்போன பிள்ளை, ஒரு கையை ஊன்றி இடுப்பால் நகர்ந்து போய்ப் பந்தை எடுக்கும். அடுத்த ஆட்டத்துக்கு அவனைத் தங்கள் அணியில் சேர்க்க இரண்டு பக்கமும் இழுபறி நடக்கும். கை நடுங்கும் பிள்ளைகளுக்கு போச்சியா இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் போட்டுவிட்டு, மற்ற பந்துகளை அதன் பக்கத்தில் உருட்டி நிறுத்த வேண்டும். கோலி ஆடிய ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது காலில் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்த இடம் பதக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் சொன்னார், பதினாலு வயதில் உடல் குறையில்லாத மாணவர்களோடு போட்டியில் நிறுத்தினார்கள், இரண்டாவதாக வந்தார். யாரும் அவரைப் பைகளுக்குக் காவல் வைக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு போய், கணக்கில் முப்பத்தைந்து வாங்கினால் போதும் என்று இருக்கும் ஒரு சாதாரணப் பிள்ளையின் தலையில் கொட்டாதீர்கள். மற்ற பிள்ளைகளிடம், "உசேன் போல்ட்டைப் பார், நீ ஏன் இப்படி இருக்கே?" என்று தினமும் கேட்கிறோமா? மாற்றுத்திறனாளி என்றால் பாவமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாதனையாளராக இருக்க வேண்டும் என்று இரண்டே இடம் வைத்திருக்கிறோம். சும்மா இருக்க, சேட்டை பண்ண, பொய் சொல்லி மாட்டிக்கொள்ள இடம் இல்லை.

ஒரு நடுநிலைப் பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுமிக்கு அவள் தோழிகள் இருவர் 'கா' விட்டுவிட்டார்கள். இவள் போய் டீச்சரிடம் அவர்களைப் போட்டுக்கொடுத்ததுதான் காரணம். அம்மா அழுதுகொண்டு வந்தார். தலைமையாசிரியை கோபத்தோடு அந்த இருவரையும் நிற்க வைத்து, "அவளே பாவம், அவகிட்ட போயா சண்ட போடுவீங்க?" என்று திட்டக் கிளம்பினார். வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். போட்டுக்கொடுத்தால் நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் 'கா' தான். இவளுக்கும் கிடைத்திருக்கிறது, முறைதானே? திட்டியிருந்தால் அவர்கள் இவளோடு மறுபடி பேசியிருப்பார்கள், டீச்சருக்குப் பயந்து. மூன்றாம் நாள் பழம் விட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகும் அந்தச் சிறுமி போட்டுக்கொடுப்பதை நிறுத்தவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. வாயின் தசை ஒத்துழைக்காததால் பேச்சு மெதுவாக, இழுத்து வரும். அறிவில் குறை இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஆனால் கடைக்காரர் முதல் தேர்வு அறைக் கண்காணிப்பாளர் வரை பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து, "இவனுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார்கள். நண்பர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நாலு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சு அவர்களுக்குப் பழகிவிடும். பிறகு மொழிபெயர்ப்பு செய்யவும் தொடங்கிவிடுவார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். அவன் முடிப்பதற்கு முன்னால் வாக்கியத்தை இவர்கள் முடித்துவைப்பார்கள். அவன் சொல்ல வந்தது அது இல்லாமலும் இருக்கலாம். காத்திருக்கச் சொல்லிக்கொடுங்கள். கேட்காமல் சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளக் கூடாது என்பதும் இதே வகைதான்.

தசைச் சிதைவு நோய் உள்ள பையன்களின் நிலைமை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. டியூசென் என்ற வகை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. இரண்டாம் வகுப்பில் எல்லோரோடும் ஓடியவன், நாலாம் வகுப்பில் அடிக்கடி விழுவான், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுவான், பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும். உடன் படித்தவர்கள் இது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். தொடக்கத்தில் "சும்மா நடிக்கிறான் சார்" என்பார்கள். நோய் கண்டுபிடிக்கும் முன் ஆசிரியரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பிறகு விஷயம் தெரிந்ததும் ஒரு பயம் வந்து விலகுவார்கள். ஒட்டிக்கொள்ளாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம், பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நினைத்து.

சேர்ந்து உட்கார்ந்தால் போதும், தானாகப் பழகிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் முன்முடிவுகளின் இயல்பு பற்றி எழுதிய நூலில் இதை மறுத்தார். இரண்டு தரப்பு பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சும்மா பழகினால் குறையாது. இருவரும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், ஒரே குறிக்கோள் வேண்டும், அதற்கு ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர் அதை ஆதரிக்க வேண்டும் என்றார். அவர் மனதில் வைத்து எழுதியது நிறவெறியை. நம் வகுப்புக்கு வைத்துப் பாருங்கள். ஒருவன் எப்போதும் உதவி வாங்குபவன், மற்றவன் எப்போதும் கொடுப்பவன் என்றால் சமம் எங்கே வந்தது? சக்கர நாற்காலிப் பையனுக்கு வரலாறு நன்றாக வரும் என்றால், அவன் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்புத் தலைவனாக இருந்து பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதட்டும். பெயர் எழுதப்பட்டவனுக்கு அவன் மேல் இரக்கம் இருக்காது, நிச்சயம்.

நண்பன் நண்பனை முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோகும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் வரும். கண் கலங்கப் பார்க்கிறோம். சுமக்கும் பையன் நல்லவன், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காணொளியில் தலைமையாசிரியர் எங்கே? பத்தாம் வகுப்பு ஏன் மாடியில் இருக்கிறது? சுமப்பவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று மற்றவன் என்ன செய்தான்? சுமக்கப்படுகிறவன் பதினைந்து வயதுப் பையன், அதுவே பெண் பிள்ளை என்றால் யார் சுமப்பது? பல இடங்களில் பெண் பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்பதில் இந்தப் படிக்கட்டுக்கும் பங்கு உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலான மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் கல்வி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் 61 சதவீதம். 27 சதவீதம் பேர் ஒருநாளும் போனதில்லை. சக மாணவர் எப்படி நடத்துகிறார் என்று கேட்கவே, முதலில் சக மாணவராக இருக்க வேண்டுமே. 1950-களில் நியூயார்க்கில் ஜூடி ஹியூமன் என்ற ஐந்து வயதுச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். சக்கர நாற்காலியால் தீ விபத்தின்போது ஆபத்து என்றார்கள். பின்னாளில் அவர் அந்த நகரத்தில் ஆசிரியர் உரிமத்துக்காக வழக்குப் போட்டு அதைப் பெற்றார், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகக் கடைசிவரை போராடினார். நம் ஊரில் தீ என்று சொல்ல மாட்டார்கள். "இங்க வசதி இல்லம்மா, அந்த ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க" என்று நயமாகச் சொல்வார்கள்.

வசதி என்றால் சாய்தளம் உண்டு என்பார்கள். அளந்து பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. அரையடி உயரத்தில் மூன்று படி இருந்தால் பதினெட்டு அடி நீளம் வர வேண்டும். பல இடங்களில் ஐந்தாறு அடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறினால் பின்னால் மல்லாந்துவிடும். கீழே ஹெட்மாஸ்டர் பைக் நிற்கும், மேலே பூந்தொட்டி. கழிப்பறை இன்னும் மோசம். குந்தி உட்காரும் கழிப்பறையில் கேலிப்பர் போட்ட பிள்ளை என்ன செய்யும்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. கோடையிலும் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனித்திருப்பீர்கள்.

கழிப்பறைக்கும் சாய்தளத்துக்கும் பணம் வேண்டும், மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் இடம் மாற்றி, கதவில் இருக்கும் பலகையைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. ஆனால் பெற்றோர் இதை ஜூன் மாதம் போய்க் கேட்கிறார்கள். அதற்குள் கால அட்டவணை போட்டாகிவிடும், ஸ்மார்ட் போர்டு மாடியில் மாட்டியாகிவிடும், "இந்த வருஷம் எப்படியாவது சமாளிங்க" என்பார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே போய்க் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள், 16-ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள், வாங்கியதற்கு ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் கேளுங்கள். கூடவே, உங்கள் பிள்ளையோடு படிக்கும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோரிடமும் அந்த மனுவில் கையெழுத்து வாங்கிப் போங்கள்.